ஸ்கார்ஃப் பின்ன எந்த நூல்: கம்பளியா, அக்ரிலிக்கா?

கையால் ஒரு ஸ்கார்ஃப் பின்னலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் டிசைனுக்காகத்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டிசைன் பிடிக்கவில்லை என்றால் பாதியில் பிரித்துவிட்டு வேறு பின்னலாம். நூல் அப்படியல்ல. பின்னி முடித்த பிறகு வருடக்கணக்கில் கழுத்தில் கிடக்கப்போவது அதுதான். நான் அக்ரிலிக் என்ற செயற்கை (பிளாஸ்டிக்) இழை நூலில் ஆரம்பித்து, நடுவில் பருத்தியையும் பார்த்துவிட்டு, இப்போது ஸ்கார்ஃப் என்றாலே கம்பளி நூலைத்தான் எடுக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பருத்தியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தோலுக்கு இதம், துவைக்கவும் பயமில்லை. ஆனால் இழுத்தால் பழையபடி மீளும் தன்மை நூலில் கிடையாது. பின்னும்போது விரல் வலிக்கும். பின்னி முடித்ததும் தன் கனத்தாலேயே தொங்கி நீளும். கைக்குட்டை, பை, சமையலறைத் துணி ஆகியவற்றுக்கு அருமையான நூல். கழுத்துக்குக் கதகதப்பு வேண்டுமென்றால் வேண்டாம்.

மற்ற இரண்டைப் பற்றியும் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள் உண்டு. அக்ரிலிக் விலை குறைவு, எல்லா நிறத்திலும் கிடைக்கும், பூச்சி அரிக்காது. கம்பளி விலை கூடுதல், கதகதப்பும் கூடுதல். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகும் தொட்டால் நனைந்தது போலத் தெரியாது. "கம்பளி குத்துமே" என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று: குத்துவது பெரும்பாலும் இழையின் தடிமனைப் பொறுத்தது. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகள்தான் தோலைக் குத்தும். மெரினோ என்ற செம்மறியாட்டு வகையின் நல்ல கம்பளி அதைவிட வெகுவாக மெல்லியது. நூல்கண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. தாடைக்குக் கீழே கழுத்தில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது துவைப்புதான். அக்ரிலிக்கை வாங்கச் சொல்கிறவர்கள் அத்தனை பேரும் சொல்லும் காரணமும் அதுவே: "மெஷினில் போட்டு எடுத்துவிடலாம்." உண்மைதான், போடலாம். ஆனால் ஸ்கார்ஃப் சட்டை மாதிரி தினமும் துவைக்கிற பொருள் இல்லை. குளிர்காலம் முழுக்க அணிந்தாலும் ஓரிரு முறை நனைத்தால் போதும். மற்ற நாளில் காற்றாட விட்டாலே கம்பளியில் வாடை போய்விடும். அவ்வளவு அபூர்வமாகத் துவைக்கிற ஒன்றில், துவைப்பது எவ்வளவு சுலபம் என்பதைவிட, துவைத்தபின் துணி என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம்.

கம்பளி இழை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் அதேதான். ஈரத்தலையைச் சுருட்டிக் கட்டிக் காயவிட்டால் சுருள் நிற்கிறதல்லவா? நனையும்போது இழைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபட்டு, காயும்போது புதிய வடிவத்தில் மறுபடி பிணைகின்றன. பின்னுகிறவர்கள் 'பிளாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். வெதுவெதுப்பான நீரில் துளி பேபி ஷாம்பு விட்டு, ஸ்கார்ஃபை இருபது நிமிடம் சும்மா ஊறவிட வேண்டும். தேய்க்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்துவிட்டு, சமதளத்தில் பரப்பி, ஓரங்களை நேராக்கி ஊசி குத்திக் காயவிட்டால் போதும்.

முதல் ஸ்கார்ஃப் பின்னுகிறவர் கையில் கண்ணிகள், அதாவது பின்னலின் வளையங்கள், ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும்தான் விழும். காய்ந்த பிறகு அதே துணியைப் பாருங்கள். பெரிய கண்ணி தன்னிடம் மிஞ்சிய நூலைப் பக்கத்துக் கண்ணிக்குக் கொடுத்து, வரிசைகள் சமமாகியிருக்கும். ஓரம் நேராக நிற்கும். லேஸ் டிசைன் என்றால் மூடிக்கிடந்த துளைகள் திறந்துகொள்ளும். ஒவ்வொரு முறை நனைக்கும்போதும் இந்தச் சீரமைப்பு மறுபடி நடக்கிறது. தொங்கி நீண்ட ஸ்கார்ஃபைக்கூட அளவுக்குத் திரும்பக் கொண்டுவரலாம். (ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும் ஸ்டாக்கினெட் பின்னல் ஓரம் சுருண்டுகொள்வதை மட்டும் எந்த நூலிலும் பிளாக்கிங் நிரந்தரமாகத் தீர்க்காது. ஸ்கார்ஃபுக்கு, இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கார்டர் அல்லது நெடுக்கு வரிகளாக வரும் ரிப் பின்னல் பாதுகாப்பு.)

அக்ரிலிக்கில் இந்த வசதி இல்லை. நனைத்துக் காயவைத்தால் கண்ணிகள் கொஞ்சம் தணியும், வடிவம் நிற்காது. ஆவி இஸ்திரி காட்டினால் நிற்கும். ஆனால் சூடு ஒரு துளி கூடினாலும் இழை இளகி, துணி தன் துள்ளலை இழந்து தொளதொளவென்று ஆகிவிடும். பிறகு அதை மீட்க வழியே கிடையாது. அடுத்தது, தாடையும் காலரும் உரசும் இடத்தில் உருளும் பஞ்சு உருண்டைகள். கம்பளியிலும் அவை வரும், ஆனால் அந்த இழை அவ்வளவு வலுவில்லாததால் உருண்டை தானே உதிர்ந்துவிடும். அக்ரிலிக் இழை வலுவானது. உருண்டையை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, மெஷின் தண்ணீரோடு நுண்ணிழைகளும் வெளியேறுகின்றன. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேல் என்று 2016-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது.

கம்பளிக்கும் மீட்க முடியாத ஆபத்து உண்டு. இழையின் மேல் செதில்கள் இருக்கின்றன. சூடான நீரும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, ஸ்கார்ஃப் சுருங்கித் தடித்த கம்பளமாகிவிடும். குளோரின் ப்ளீச் பட்டால் கம்பளி கரைந்தே போகும். புரதக்கறையை நீக்கும் என்சைம் கலந்த சலவைத்தூளும் ஆகாது, ஏனென்றால் நூலே புரதம். எடுத்துவைக்கும்போது துவைத்துக் காயவைத்து மூடிய பையில் போட வேண்டும். அழுக்கும் வியர்வையும் உள்ள இடத்தைத்தான் அந்துப்பூச்சியின் புழு முதலில் தேடும். இதெல்லாம் கொஞ்சம் வேலைதான். ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வரும் வேலை.

நடுவழி ஒன்றும் இருக்கிறது: சூப்பர்வாஷ் கம்பளி. செதில்களைக் குளோரினால் மழுக்கி, மேலே மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். மெஷினில் மென்மையான சுழற்சியில் போடலாம். நனைந்ததும் நீளும் குணம் இதில் அதிகம் என்பதைக் கண்ணால் பார்த்தேன். பல வருடம் உழைக்குமா என்று சொல்லும் அளவுக்கு நான் அதை அணியவில்லை. அல்பாக்கா (தென் அமெரிக்க விலங்கு ஒன்றின் ரோமம்) கலந்த நூல்களைப் பற்றியும் எனக்கு அனுபவம் போதாது.

கைக்குழந்தைக்கோ, துணி துவைக்கும் முறையைப் பற்றிக் கவலைப்படாதவருக்கோ பரிசாகக் கொடுப்பதென்றால் நானும் சூப்பர்வாஷையோ நல்ல அக்ரிலிக்கையோதான் எடுப்பேன். சரியாக எண்ணவே தடுமாறும் முதல் நாட்களில் பழகிப் பார்க்கவும் மலிவான அக்ரிலிக் கண்டு ஒன்று போதும். உங்களுக்காகவே பின்னும் ஸ்கார்ஃபுக்கு, 20 செ.மீ. அகலம், 160 செ.மீ. நீளம் என்று வைத்தால், நடுத்தரத் தடிமன் கம்பளி சுமார் 200 கிராம் பிடிக்கும். ஒரே சாயத்தொகுப்பு எண் உள்ள, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய, கண்டுகளாகப் பார்த்து மொத்தமாக வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் அதே நிறச்சாயல் கிடைப்பது சிரமம். மிஞ்சும் நூலில் சில மீட்டர் சுற்றி வைத்தால், பின்னாளில் ஓர் இழை அறுந்தாலும் தைத்துக்கொள்ளலாம்.