காண்டின்ஸ்கியா, மோண்டிரியனா? பிள்ளைகளுக்கு அரூப ஓவியத்தின் முதல் அறிமுகம்

உருவங்களை அப்படியே காட்டாமல் நிறம், கோடு, வடிவங்களால் அமையும் அரூப ஓவியத்தை அறிமுகப்படுத்தும்போது, சிறு பிள்ளைகளை உடனே ஈர்ப்பவர் ரஷ்ய ஓவியர் வாசிலி காண்டின்ஸ்கிதான். மாஸ்கோவில் 1866இல் பிறந்து, சட்டத்துறையை விட்டு முப்பது வயதில் ஓவியம் கற்க மியூனிக் சென்ற அவர், 1913இல் சதுரங்களுக்குள் வட்டங்களை அடுக்கித் தீட்டிய சிறு படத்தைப் பார்த்ததும் ஐந்து வயதுக் குழந்தையும் தூரிகையைத் தேடும். நிறத்தையும் ஒலியையும் அவர் இணைத்தே சிந்தித்தார். ஆகவே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கோயிலில் கேட்ட நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் என்ன நிறம் என்று பிள்ளைகளிடம் கேட்கலாம். ஆயினும் இவ்வழியில் விளையாட்டே மேலோங்கி, அரூபம் எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்வி எழாமலே போகக்கூடும்.

அக்கேள்விக்கு டச்சு ஓவியர் பியட் மோண்டிரியனிடம் தெளிவான விடை உண்டு. நேர்கோடுகளால் கட்டம்கட்டமாகத் தீட்டிய அவருடைய பிற்கால ஓவியங்களை முதலில் காட்டினால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். மாறாக, 1908இல் தொடங்கிய சிவப்பு மரம், 1911இன் சாம்பல் மரம், 1912இன் பூத்த ஆப்பிள் மரம் ஆகிய ஓவியங்களை வரிசையாக வைத்தால், கிளைகள் படிப்படியாக வெறும் கோடுகளாவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழுள்ள தூங்குமூஞ்சி மரத்தை மும்முறை, ஒவ்வொரு முறையும் குறைவான கோடுகளில் வரையச் சொல்வது மிகச் சிறந்த பயிற்சி.

எட்டு வயதைக் கடந்தவர்களுக்கு நான் தயங்காமல் மோண்டிரியனையே பரிந்துரைப்பேன். அதன்பின், அலைவடிவங்களைத் தொடராகத் தீட்டிய சிங்கப்பூர் ஓவியர் அந்தோணி பூனின் (1945–2006) படைப்புகள் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றமாட்டா.