'பை' பாடம் எப்படி? திருப்பாதிரிப்புலியூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் மாலையில் நடக்கும் இந்த வகுப்பை எடைபோட, 'பை' (by) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு அவர்கள் தரும் நோட்ஸ் போதும்.

முதல் வரியிலேயே சறுக்கல்: 'பை என்றால் ஆல்'. பாதிதான் சரி. தமிழில் கண்ணாடி ரவியாலும் உடையும், கல்லாலும் உடையும். ஆங்கிலத்தில் செய்த ஆளுக்குத்தான் 'பை ரவி'; கருவிக்கு 'வித் எ ஸ்டோன்'. இதைச் சொல்லாமல் விட்டால் 'ஐ கட் இட் பை நைஃப்' என்றுதான் எழுதுவார்கள். அந்த வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

நேரம் பற்றிய பகுதி அருமை. 'பை மண்டே' என்றால் திங்களுக்குள் வேலை முடிந்தால் போதும். 'அன்டில் மண்டே' என்றால் திங்கள் வரைக்கும் அது தொடர வேண்டும். குழம்பினால் 'க்குள்', 'வரைக்கும்' இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள், பிசகாது.

பயணமும் தேறுகிறது. புதுச்சேரிக்கு 'பை பஸ்', 'பை கார்' போகலாம். நடுவில் 'மை' வந்தால் 'இன் மை கார்'தான். 'பை மை கார்' என்றால் காருக்குப் பக்கத்தில் என்றாகிவிடும். 'பை வாக்' கிடையாது, 'ஆன் ஃபுட்'. கடலோரத்துக்கு 'பை த சீ'.

விலை 'பை 5 ருபீஸ்' ஏறினால் 5 ரூபாய் கூடியது. 'டு 5 ருபீஸ்' என்றால் விலையே 5 ரூபாய். இதற்கு ஒரே உதாரணம், போதாது.

ஒன் பை டூ காபியை ஏனோ விட்டுவிட்டார்கள். முக்காலுக்கு நாம் சொல்லும் 'த்ரீ பை ஃபோர்' வெளிநாட்டுக்காரர் காதில் நீள அகலமாகத்தான் விழும்.