எல்எஸ் கட்டளைக்கு நிறம்: ஏலியாஸா, சூழல் மாறியா?

திருப்பூரில் பனியன் துணிக்கு பிரிண்டிங் டிசைன் செய்து தரும் எங்கள் அலுவலகத்தில் சர்வர் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்திலும் டிசைனர்களின் கணினிகள் மேக்கிலும் ஓடுவதால், எல்எஸ் கட்டளை காட்டும் கோப்புப் பட்டியலுக்கு நிறம் கொடுக்கும் இரண்டு வழிகளோடும் நான் தினமும் புழங்க வேண்டியிருக்கிறது.

உபுண்டு, புதிய பயனருக்குத் தரும் .பாஷ்ஆர்சி என்ற தொடக்க அமைப்புக் கோப்பிலேயே, எல்எஸ் என்று அடித்தால் "எல்எஸ் --கலர்=ஆட்டோ" என்று கொள்ளும்படி ஏலியாஸ், அதாவது மாற்றுப்பெயர், எழுதி வைத்திருக்கிறது. மேக்கில் -ஜி (பெரிய எழுத்து) என்ற விருப்பத்தைச் சேர்க்கலாம். அல்லது சிஎல்ஐகலர் என்ற சூழல் மாறியை (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) எக்ஸ்போர்ட் செய்யலாம். ஏலியாஸ் பொதுவாக ஸ்கிரிப்டுக்குள் (கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு) செல்லாது, சூழல் மாறி செல்லும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மேக்கின் ஏற்பாடே நேர்த்தியானது என்பேன்.

நிறங்களை மாற்றுவதில் லினக்ஸின் கை ஓங்கியிருக்கிறது. அங்குள்ள எல்எஸ்_கலர்ஸ் மாறியில் .டிஃப், .ஜிப் என ஒவ்வொரு கோப்புப்பெயர் நீட்சிக்கும் தனி நிறம் தரலாம். மேக்கின் எல்எஸ்கலர்ஸ் கோப்பின் வகையை மட்டுமே பார்க்கும். பெயரில் ஒரு அடிக்கோடுதான் வித்தியாசம், எழுதும் முறையோ முற்றிலும் வேறு. இயல்பான நிறங்களும் ஒத்துப்போவதில்லை: சிவப்பு என்றால் லினக்ஸில் சுருக்கிய கோப்பு, மேக்கில் இயக்கக்கூடிய கோப்பு. இரண்டு டையிங்காரர்கள் ஒரே ஷேடு எண்ணுக்கு இரண்டு சாயம் போட்டது போலத்தான்.

லினக்ஸின் ஏலியாஸில் ஆட்டோவுக்குப் பதிலாக ஆல்வேஸ் என்று வைத்தால் நேர்வதை நானே அனுபவித்தேன். ஆட்டோ, வெளியீடு டெர்மினல் திரைக்குப் போகிறதா என்று பார்த்து, கோப்புக்கோ பைப் வழியாக வேறு கட்டளைக்கோ போனால் நிறத்தை நிறுத்திவிடும். ஆல்வேஸ் அப்படிப் பார்ப்பதே இல்லை. டிசைன் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து நகலெடுக்கும் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்தபோது, எந்தக் கோப்பும் இல்லை என்று அது மறுத்தது. கேட் கட்டளையில் பார்த்தால் பெயர்கள் அழகாக, நிறத்தோடு, சரியாகவே தெரிந்தன. லெஸ் கட்டளையில் திறந்த பிறகே, ஒவ்வொரு டிஃப் பெயருக்கும் முன்னால், டெர்மினலுக்கு நிறத்தைச் சொல்லும் எஸ்கேப் குறியும் "01;35" என்ற எண்களும் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏலியாஸில் ஆல்வேஸ் வேண்டவே வேண்டாம்.

ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஈஸா என்ற எல்எஸ்ஸின் மாற்றுக் கருவி தானாகவே நிறம் காட்டும். ஆனால் ஒவ்வொரு சர்வரிலும் அதைத் தனியாக நிறுவ எனக்குப் பொறுமையில்லை.

லினக்ஸ், மேக் இரண்டிலும் உள்ள பொதுவான குறை, டைரக்டரிகளுக்கு (கோப்புறைகளுக்கு) அவை தரும் நீலம். "ஏனுங்ணா, கருப்புத் திரையில இந்த நீலம் கண்ணுக்கே தெரியறதில்லீங்களே" என்று புதிதாக வந்த பையன் கேட்டது நியாயம்தான். லினக்ஸில் எல்எஸ்_கலர்ஸின் கடைசியில் "டிஐ=01;36" என்று சேர்த்தும், மேக்கில் எல்எஸ்கலர்ஸின் முதல் எழுத்தான "இ"யை "ஜி" என்று மாற்றியும், இரண்டு திரைகளிலும் டைரக்டரிகளை வெளிர்நீலப் பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டோம்.