வேலூரில் டவர் எடுக்கும் போன் எது?

"எந்த போன் நல்லா டவர் எடுக்கும்?" என்று காட்பாடியில் ஒரு கடையில் கேட்டால், அந்த வாரம் விற்காமல் தேங்கிய மாடல்தான் முதலில் கைக்கு வரும். பிராண்டைப் பார்த்து டவரைச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கிற மோடம் (டவரோடு பேசும் பகுதி) எது, எந்தெந்த பேண்டை, அதாவது அலைவரிசையைப் பிடிக்கும், இவை இரண்டும்தான் கணக்கு. 2025-ல் ஒன்றாக வந்த சாம்சங் ஏ36-ல் ஸ்னாப்டிராகன் சிப், ஏ56-ல் எக்ஸினாஸ் சிப். பெட்டி மேல் பெயர் ஒன்று, உள்ளே மோடம் வேறு. ஐபோன் 16-ல் குவால்காம் மோடம்; 16இ-யில் ஆப்பிளின் சொந்தத் தயாரிப்பான சி1.

இரண்டு போனைப் பக்கத்தில் வைத்து மேலே தெரியும் சிக்னல் கோட்டை எண்ணிப் பார்ப்பது வீண் வேலை. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்கிறது. 2010-ல் ஐபோன் 4 சர்ச்சையில், கோடு காட்டும் கணக்கே தப்பு என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டதே!

எண்ணைப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் 'டிபிஎம்' (dBm) என்று ஒரு எண் இருக்கும், அதுதான் சிக்னலின் அளவு. ஐபோனில் *3001#12345#* டயல் செய்ய வேண்டும். 4ஜி-யில் மைனஸ் 90-க்குள் இருந்தால் அருமை, மைனஸ் 105 வரை வண்டி ஓடும், மைனஸ் 115 தாண்டினால் பேச்சு வெட்டி வெட்டி வரும். எண் 3 இறங்கினால், அதாவது மைனஸ் 90 மைனஸ் 93 ஆனால், வந்து சேரும் சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். ஒரே சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே இடத்தில், இரண்டையும் 4ஜி-யில் நிறுத்திப் பார்த்தால்தான் ஒப்பீடு. சிம் போட்டதும் ஏரோப்ளேன் மோடைப் பத்து விநாடி போட்டு எடுங்கள். ஒரு நிமிடம் கழித்து எண்ணைக் குறியுங்கள்.

அடுத்தது பேண்ட். ஜியோ 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. போன் விவரத்தில் இவற்றை பி5, பி3, பி40 என்று எழுதியிருப்பார்கள். ஏர்டெலின் தாழ்ந்த பேண்ட் 900, பி8. பிஎஸ்என்எல் 4ஜி-க்கு 700-ம் 2100-ம், பி28, பி1. மெகாஹெர்ட்ஸ் குறைந்த பேண்ட்தான் சுவரைத் துளைத்து உள்ளே வரும், மலை முகட்டில் கொஞ்சம் வளைந்தும் இறங்கும். சத்துவாச்சாரி மலையடிவாரத்துக்கும், தடித்த சுவர் வைத்த பழைய வீட்டுக்கும், காந்தி ரோடு லாட்ஜின் ஜன்னலில்லாத உள் அறைக்கும் அதுதான் கைகொடுக்கும். பி28 இல்லாத பழைய போனில் பிஎஸ்என்எல் சிம் போட்டுவிட்டு அமிர்தி பக்கம் போய் "டவரே இல்ல" என்று திட்டினால் அது சிம்மின் குற்றமல்ல. 5ஜி போன் வாங்குகிறவர்கள் 5ஜி பேண்டுகளில் என்78 மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல் என்28-ம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜியோவின் 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜி அதில்தான் வருகிறது.

ஆந்திர எல்லையோரம் இருக்கும் சேர்க்காடு, கிறிஸ்டியான்பேட்டை, பரதராமி பக்கத்துக்காரர்களுக்குத் தனித் தொல்லை. போன் ஆந்திர டவரைப் பிடித்துக்கொள்ளும், மேலே 'ஆர்' (ரோமிங்) என்று காட்டும், கால் வரும், நெட் மட்டும் நிற்கும். டேட்டா ரோமிங்கை ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்தப் பக்கம் திரும்பி வந்தும் அதே டவரில் தொங்கினால் மறுபடியும் ஏரோப்ளேன் மோட்தான்.

பிறகு நம்ம ஊர் வெயில். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்பநிலை 35 டிகிரி வரைதான். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் அதைக் காலையிலேயே தாண்டிவிடும். சூடு ஏறினால் ரேடியோ சக்தியைக் குறைத்துக்கொள்ளும், சிக்னல் இறங்கலாம் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. மற்ற போன்களும் சூட்டில் வேகத்தைக் குறைக்கும். டவர் பலவீனமான இடத்தில் போன் கத்திப் பேசுகிற மாதிரி முழு சக்தியில் அனுப்பும், அதனாலும் சூடாகும், சார்ஜும் கரையும். பைக் ஹோல்டரில் வெயிலைப் பார்த்து மாட்டி மேப் போடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே அனுபவிப்பார்கள்.

பயன்படுத்தும் வசதியில்தான் பிராண்ட் வித்தியாசம் நிஜமாகத் தெரிகிறது. பெரியவர்களுக்கு சாம்சங்கின் ஈஸி மோட் நல்லது: செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குள் இருக்கிறது. ஐகான் பெரிதாகும், அழுத்திப் பிடிக்கும் நேரமும் நீளும். விரல் நடுங்குகிறவர்கள் தெரியாமல் ஆப்பை இழுத்துப் போட மாட்டார்கள். ஷியோமியில் இதே மாதிரி லைட் மோட் (Lite mode) உண்டு. ஐபோனில் ஐஓஎஸ் 17-லிருந்து வந்த அசிஸ்டிவ் ஆக்சஸ் என்ற எளிய மோட் அளவுக்கு மீறிச் சுருக்கிவிடுகிறது, பழகியவருக்கு எரிச்சல்தான். ஆனால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் ஐபோனில் கூடவே வருகின்றன.

பட்டன் போன் போதும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. சாதா 2ஜி பட்டன் போனில் அந்த சிம் வேலையே செய்யாது. ஜியோவே விற்கும் 4ஜி பட்டன் போனான ஜியோபாரத்திலோ வேறு சிம் ஏறாது. முதலில் வீட்டுக்குள் எந்த சிம் எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள்.