மோர்ச்சோறா, ஈரலா, பன்னீரா, பாக்கெட் தீவனமா? கல்லீரல் கெட்ட ஒரு சின்ன நாய்க்கு நாங்கள் பார்த்த வழிகள்

ஜூலிக்கு ஒன்பது வயது, எடை ஆறு கிலோ. வெள்ளை ஸ்பிட்ஸ், பொமரேனியன் என்று சொல்லி நம்மூரில் வளர்க்கிறோமே, அந்த ஜாதி. நாள்பட்ட கல்லீரல் அழற்சி என்று தெரிந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஸ்கேனில் கல்லீரல் சுருங்கித் தெரிந்தது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவு, மஞ்சக்காமாலையைக் காட்டும் பிலிருபின் அதிகம், வயிற்றில் நீர். இதற்கு டாக்டர் ஒரே வழி சொல்வார், அதன்படி நடந்தால் போதும் என்று இருந்தேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வழி இருந்தது. நான் அதிகம் தடுமாறியது சாப்பாட்டில்தான்.

மஞ்சக்காமாலை என்றாலே நம் வீடுகளில் பத்தியம் தொடங்கிவிடும். எண்ணெய் ஆகாது, கவிச்சி ஆகாது, மோர்ச்சோறு போதும். ஜூலிக்கும் மூன்று வாரம் அதையே போட்டேன். அதில் நியாயமும் இருப்பதாகத்தான் தோன்றியது. புரதம் குடலில் உடையும்போது அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி வெளியே அனுப்ப வேண்டும். அது முடியாமல் போனால் அம்மோனியா மூளையைத் தாக்கும். அப்படியானால் புரதத்தையே நிறுத்திவிட்டால் என்ன?

மூன்றாம் வாரம் குளிப்பாட்டும்போது பதில் கிடைத்தது. முடி நனைந்து உடம்போடு ஒட்டியதும் முதுகெலும்பு முண்டு முண்டாகக் கையில் தட்டியது. டாக்டர் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, “புரதத்தை நிறுத்தாதீங்க, மாத்துங்க” என்றார். கல்லீரலால் ஆகாத அம்மோனியாவில் ஒரு பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்கிறதாம். தசை கரைந்தால் அந்த வழியும் குறையும். கரைகிற தசையிலிருந்தே மேலும் அம்மோனியா வரும். அல்புமின் உண்டாகவும் புரதம் வேண்டும். அல்புமின் இறங்க இறங்க வயிற்றில் நீர் கூடும். நான் பத்தியம் என்று நினைத்துப் போட்டது, அவளுக்குப் பட்டினியாகத்தான் போயிருக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஈரல். “ஈரல் கெட்டதுக்கு ஈரல்தான் மருந்து” என்று பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு ஆட்டு ஈரலை வேகவைத்துக் கொண்டுவந்தார். நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் ஜூலி அதைத் தின்று முடித்திருந்தாள். அன்று ராத்திரி அவள் பீரோ மூலையில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். தூக்கித் திருப்பி விட்டால், ஒரு வட்டம் சுற்றிவிட்டு மறுபடி அதே மூலைக்குப் போனாள். வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் காது அசையவில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் இப்படித் தலையை முட்டுக்கொடுத்து நின்றால் அது பிடிவாதமோ தூக்கக்கலக்கமோ இல்லை, மூளையை அம்மோனியா தாக்கியதற்கான அடையாளம். உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஈரலில் இன்னொரு கெடுதல், செம்புச் சத்து. நாயின் கல்லீரல் நோய் பலவற்றில் செம்பு அங்கேயே தேங்குகிறது. பெட்லிங்டன் டெரியரில் இது பரம்பரைக் கோளாறு. லேப்ரடார், டால்மேஷியன், வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர் வகைகளிலும் வருகிறது. மனது கேட்காமல் ஒரு துண்டு கோழிக்கறி கொடுப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியும். ஈரல் மட்டும் ஒரு துண்டுகூட வேண்டாம்.

மீதி இருப்பது பாலைத் திரித்துச் செய்யும் பன்னீரும் பாக்கெட்டும். பால், முட்டை, சோயா இவற்றின் புரதத்தை, கறிப் புரதத்தைவிட இந்த நாய்கள் நன்றாகத் தாங்குகின்றன. டாக்டர் ஜூலிக்குக் கணக்குப் போட்டது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிராம் புரதம். உப்பில்லாத பன்னீர் 50 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் வந்துவிடும். வேகவைத்த ஒரு முட்டையின் வெள்ளைக்கரு மூன்றரை கிராம். மீதியைக் குழைந்த சோறு தந்துவிடும். இவ்வளவையும் ஐந்து வேளையாகப் பிரிக்கிறேன். மொத்தமாக வைத்தால் அம்மோனியா ஒரேயடியாக ஏறும். இடைவெளி நீண்டாலோ, இத்தனை சின்ன உடம்பில் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் கடைசி வேளை ராத்திரி பதினொரு மணிக்கு.

பாக்கெட் என்றால் கல்லீரலுக்கென்றே வரும் ஹெபாடிக் தீவனம். நேர்மையாகச் சொன்னால் தராசில் அதுதான் மேல். செம்பு குறைத்து, துத்தநாகம் கூட்டி, சுண்ணாம்புச் சத்தும் வைட்டமினும் அளவாகச் சேர்த்திருப்பார்கள். என் கைப்பக்குவத்தில் அந்த நிதானம் வராது. பன்னீர்ச் சோற்றோடு டாக்டர் எழுதித் தந்த சத்துப்பொடி சேர்க்காவிட்டால் சில மாதத்தில் வேறு குறை வந்து நிற்கும். விலைதான் கடினம். ஆறு கிலோ நாய்க்கு நாளைக்கு நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவாக என்றாலும் ஒரு கிலோ பத்துப் பதினோரு நாள்தான். அதையும் தாங்கியிருப்பேன். ஜூலி முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டாள். வெந்நீரில் ஊறவைத்தும், விரலில் தொட்டு ஊட்டியும் இரண்டு நாள் போராடினேன். கல்லீரல் நோயில் சாப்பிடாத ஒரு நாளே ஆபத்து. உங்கள் நாய் சாப்பிடுமானால் கண்ணை மூடிக்கொண்டு பாக்கெட்டையே எடுங்கள். சாப்பிடாதபோது மட்டும் பன்னீர், அதுவும் டாக்டர் கணக்கோடு.

அம்மோனியாவுக்கு மருந்திலும் இரண்டு வழி. மலச்சிக்கலுக்கு நமக்குத் தரும் அதே லாக்டுலோஸ் சிரப் ஒன்று. குடல் கிருமிகளைக் குறைக்கும் ஆன்டிபயாட்டிக் மற்றொன்று. லாக்டுலோஸ் பெருங்குடலில் புளிப்பை ஏற்றி, அம்மோனியாவை ரத்தத்தில் சேர விடாமல் மலத்தோடு தள்ளுகிறது. அதன் அளவை மலம்தான் சொல்லும். நாளைக்கு இரண்டு மூன்று முறை, இளகலாக, ஆனால் தண்ணீராக இல்லாமல். தண்ணீராகப் போனால் உடம்பு வற்றி நிலைமை மோசமாகும். ஆன்டிபயாட்டிக்கில் மெட்ரோனிடசோல் வேலை செய்யும். ஆனால் கல்லீரல் வழியாகவே வெளியேற வேண்டிய மருந்து அது. தேங்கினால் தள்ளாட்டம் வரும், அது நோயாலா மருந்தாலா என்று பிரிப்பதே சிரமம். எங்களுக்கு லாக்டுலோஸ் தினசரித் துணை, ஆன்டிபயாட்டிக் நெருக்கடிக்கு மட்டும்.

கீழாநெல்லி கொடுக்கச் சொன்னவர்கள் ஏராளம். நான் கொடுக்கவில்லை. ஆறு கிலோ உடம்புக்கு எத்தனை இலை என்று சொல்ல ஆள் இல்லை. அதற்குப் பதில் டாக்டர் தந்த, பித்தநீர் ஓட உதவும் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் சாப்பாட்டோடு, கல்லீரலைக் காக்கத் தரும் எஸ்ஏஎம்இ (SAMe) மாத்திரை வெறும் வயிற்றில். இதில் எஸ்ஏஎம்இ மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

கடைசியாக வயிற்று நீர். ஊசி வைத்து இறக்கினால் அன்றைக்கே மூச்சு சீராகும். ஆனால் நீரோடு அல்புமினும் போகும், சில நாளில் மறுபடி நிரம்பும். நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையில் ஸ்பைரோனோலாக்டோன் மெதுவாக வேலை செய்யும், பொட்டாசியத்தைக் காக்கும். ஃபுரோஸமைடு வேகம், ஆனால் அதைத் தனியாகக் கொடுத்தால் பொட்டாசியம் இறங்கும், அது மூளைக் கலக்கத்தைத் தூண்டும். மூச்சு வாங்கிய அன்று ஒரே ஒருமுறை ஊசி வைத்தோம். பிறகு ஸ்பைரோனோலாக்டோனும் உப்பில்லாச் சாப்பாடும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டுக்கு முன், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் தையல் டேப்பைச் சுற்றி அளந்து காலண்டரில் எழுதுகிறேன். போன மாதம் 47 சென்டிமீட்டர். இந்த ஞாயிறு 43. டேப்பைச் சுருட்டி வைப்பதற்குள் அவள் தன் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.