மைசூர் – குடகா, ஹம்பி – ஆனேகுந்தியா?

பெங்களூரு அல்சூரிலிருந்து கணவன் மனைவி நகரமும் கிராமமும் பார்க்கக் கிளம்ப நாலு நாள் லீவு கிடைத்தால் இந்தக் கேள்விதான் வரும். மைசூர் சுமார் 145 கிலோமீட்டர். காலை டிபன் முடித்துக் கிளம்பினால் போதும். ஞாயிறு மாலை அரண்மனை விளக்கு பார்த்துவிட்டு, மறுநாள் குடகில் ஒரு காபித் தோட்ட வீட்டில் தங்கலாம். ஜூலையில் மட்டும் அட்டைப்பூச்சிதான் வரவேற்கும்.

ஹம்பிக்கு இரவு ரயிலில் ஹொசப்பேட்டை போய் இறங்க வேண்டும். ஆனால் விஜயநகரத் தலைநகரம், விட்டலர் கோயில் கல்தேர், துங்கபத்திரைக்கு அக்கரையில் ஆனேகுந்தியின் நெல்வயல், வாழைத்தோப்பு என்று நகரமும் கிராமமும் பக்கத்திலேயே. நடுவில் ஆறு மட்டும்தான். குடகு என்றால் பாதி நாள் காரிலேயே போய்விடும். ஏப்ரல், மே மாதம் ஹம்பிப் பாறை காலைச் சுட்டுவிடும், வேண்டவே வேண்டாம். டிசம்பர், ஜனவரி என்றால் என் ஓட்டு ஹம்பிக்கே. அக்கரைக்குப் போகும் படகு மாலையோடு நின்றுவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.