இரண்டு புள்ளி கொடுத்தால் எந்த வடிவம்? என் ஓட்டு புள்ளி–சாய்வுக்கு

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில், இரண்டு புள்ளிகளைக் கொடுத்து நேர்கோட்டின் சமன்பாடு கேட்டால் மூன்று வழி இருக்கிறது: இரு புள்ளி வடிவம், ஒய் = எம்எக்ஸ் + சி (எம் என்பது சாய்வு; சி என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம், அதாவது ஒய்-வெட்டுத்துண்டு), புள்ளி–சாய்வு வடிவம் (ஒரு புள்ளியையும் சாய்வையும் வைத்து எழுதுவது). எதில் போட்டாலும் விடை ஒன்றுதான். தவறு எங்கே நுழைகிறது, நுழைந்தால் பிடிபடுமா என்பதில்தான் வித்தியாசம்.

(−3, 5), (4, 1) என்ற புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஒய் வித்தியாசம் 1 − 5 = −4. எக்ஸ் வித்தியாசம் 4 − (−3) = 7. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சாய்வு −4/7. மேலே எந்தப் புள்ளியில் தொடங்கினோமோ கீழேயும் அதிலேயே தொடங்க வேண்டும். மாற்றிப் போட்டால் குறி புரண்டு 4/7 ஆகிவிடும். −3-ஐ அடைப்புக்குறிக்குள் எழுதாதவர்கள் 7-க்குப் பதில் 1 போடுவார்கள்.

இனி ஒய் = எம்எக்ஸ் + சி. முதல் புள்ளியைப் பிரதியிட்டால் 5 = 12/7 + சி; சி = 23/7. பின்னத்தில் கழித்து சி-யைக் கண்டுபிடித்துவிட்டு, அடுத்த வரியிலேயே 7-ஆல் பெருக்கி அந்தப் பின்னத்தைக் கலைக்க வேண்டும். வீண் வேலை.

புள்ளி–சாய்வில் (4, 1)-ஐ எடுத்தால்:

ஒய் − 1 = −4/7 (எக்ஸ் − 4)
7(ஒய் − 1) = −4(எக்ஸ் − 4)
7ஒய் − 7 = −4எக்ஸ் + 16
4எக்ஸ் + 7ஒய் − 23 = 0

பின்னம் இரண்டாவது வரியிலேயே போய்விட்டது. சறுக்குகிற இடம் மூன்றாவது வரி: 7-ஐ 1-ஓடு பெருக்க மறப்பது, +16-ஐ −16 என்று எழுதுவது. அதனால் இரண்டாவது வரியை மனக்கணக்காகத் தாண்டாமல் எழுதியே ஆக வேண்டும்.

நான் இந்தப் பக்கம் சாய முக்கியக் காரணம் சரிபார்ப்பு. பயன்படுத்திய புள்ளியையே திரும்பப் போட்டுப் பார்ப்பதில் பயன் குறைவு. சாய்வை 4/7 என்று தவறாக எடுத்திருந்தால் 4எக்ஸ் − 7ஒய் − 9 = 0 வரும். அதில் (4, 1)-ஐப் போட்டால் 16 − 7 − 9 = 0; சரி போலவே தெரியும். (−3, 5)-ஐப் போட்டால் −12 − 35 − 9 = −56; குட்டு உடைந்தது. புள்ளி–சாய்வில் ஒரு புள்ளி தொடாமல் மிச்சமிருப்பது முதல் வரியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. ஒய் = எம்எக்ஸ் + சி-யிலும் இதே சரிபார்ப்பு செல்லும்; ஆனால் சி வந்ததும் எந்தப் புள்ளியைப் போட்டோம் என்பது மறந்துபோகும்.

இரு புள்ளி வடிவமும் இதே கணக்குதான். சாய்வைத் தனியாக எழுதாததால் குறிப் பிழையைத் தேடுவது சிரமம். கைக்குப் பழகியவர்களை மாற்றச் சொல்ல மாட்டேன்.

சாய்வும் ஒய்-வெட்டுத்துண்டும் நேரடியாகக் கொடுத்திருந்தால் ஒய் = எம்எக்ஸ் + சி-க்கு நிகரில்லை. வரைபடத்துக்கும் அதுவே வசதி, சி முழு எண்ணாக இருக்கும்வரை. 23/7-ஐ வரைபடத்தாளில் துல்லியமாகக் குறிக்க முடியாது; (−3, 5)-இல் தொடங்கி வலப்பக்கம் 7, கீழே 4 நகர்ந்தால் (4, 1) கிடைத்துவிடும்.

(4, 1), (4, 9) மாதிரி எக்ஸ் இரண்டும் ஒன்றாக இருந்தால் பகுதியில் பூச்சியம் வரும், சாய்வை வரையறுக்க முடியாது. எந்த வடிவத்தையும் தொடாமல் எக்ஸ் = 4 என்று எழுதிவிடுங்கள்.